ழான் மார்ட்டன் ஷார்க்கோ

ழான் மார்ட்டன் ஷார்க்கோ (நவம்பர் 29, 1825 – ஆகஸ்ட் 16, 1893) பிரான்ஸ் நாட்டு மருத்துவர், நோய்க்கூற்றியல் பேராசிரியர். தற்கால நரம்பியலை நிறுவியவர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். மல்ட்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் தண்டுவட மரப்பு நோயைத் தனியொரு நோயாக வரையறுத்து, அதன் உடல் அறிகுறிகளோடு மன அறிகுறிகளையும் 1868 தொடங்கித் தம் விரிவுரைகளில் விளக்கினார். வாழ்நாளின் பிற்பகுதியில் ஹிஸ்டீரியா, அறிதுயில் ஆகியவற்றை ஆராய்ந்தார். சிக்மண்ட் பிராய்ட், பியேர் ஜானே ஆகியோர் இவரிடம் பயின்றும் பணியாற்றியும் பின்னர் உளச்சிகிச்சை முறைகளை உருவாக்கினர். எனவே தண்டுவட மரப்பு நோயின் வரலாற்றிலும் உளச்சிகிச்சையின் வரலாற்றிலும் ஷார்க்கோ இடம்பெறுகிறார். எனினும் அந்நோயாளிகளுக்கு உளச்சிகிச்சை அளிக்கும் எண்ணம் இவர் காலத்தில் தோன்றவில்லை. அதற்கு மேலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இளமையும் கல்வியும்

ஷார்க்கோ பாரிஸ் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை குதிரை வண்டிகள் செய்யும் தொழிலாளி. குடும்பத்தில் நான்கு ஆண் பிள்ளைகள். அனைவரையும் உயர்கல்வி பயிற்றுவிக்க வசதியில்லாததால், படிப்பில் சிறந்தவரை மட்டும் மேற்படிப்புக்கு அனுப்பத் தந்தை முடிவு செய்ததாகவும், அவ்வாய்ப்பு ஷார்க்கோவுக்குக் கிடைத்ததாகவும் கூறப்படுகிறது. இளமையில் இவர் அதிகம் பேசாதவர். ஓவியம் வரைவதில் வல்லவர். நோயாளியின் நிற்கும் நிலையையும் நடையையும் கோடுகளில் பிடித்துக்காட்டும் இத்திறன் பிற்காலத்தில் இவருடைய விரிவுரைகளுக்குப் பெரிதும் உதவியது. பிரெஞ்சு மொழியுடன் ஆங்கிலம், ஜெர்மன் மொழிகளையும் அறிந்திருந்ததால் பிற நாட்டு மருத்துவ இலக்கியங்களை நேரடியாகப் படித்தார்.

பாரிஸில் மருத்துவம் பயின்ற ஷார்க்கோ 1848இல் மருத்துவமனைப் பயிற்சி மருத்துவராகத் தேர்வு பெற்றார். சல்பெத்ரியேர் மருத்துவமனையில் தங்கிப் பணியாற்றியபோது திரட்டிய குறிப்புகளைக் கொண்டு, கீல்வாதத்தையும் நாட்பட்ட மூட்டுவாதத்தையும் வேறுபடுத்தும் ஆய்வேட்டை எழுதி 1853இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1864இல் திருமணம் செய்துகொண்டார். இவருடைய மகன் ழான் பாப்டிஸ்ட் ஷார்க்கோ (1867–1936) மருத்துவம் படித்தபின் துருவப் பயணியாகப் புகழ்பெற்றவர். ஐஸ்லாந்து அருகே கப்பல் மூழ்கியதில் இறந்தார்.

சல்பெத்ரியேர் மருத்துவமனை

1862இல் ஷார்க்கோ சல்பெத்ரியேர் மருத்துவமனையின் தலைமை மருத்துவர்களுள் ஒருவராக அமர்த்தப்பட்டார். வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு வைக்கப்பட்டிருந்த இடமாதலால் இவ்வளாகத்திற்கு அப்பெயர் ஏற்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் அது ஏழைகளையும் ஆதரவற்றோரையும் அடைத்துவைக்கும் இல்லமாக மாற்றப்பட்டது. ஷார்க்கோ பொறுப்பேற்ற காலத்தில் அங்கு ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். முதுமை, வறுமை, வலிப்பு, பக்கவாதம், மனநோய் எனப் பல காரணங்களால் அங்குச் சேர்க்கப்பட்டுப் பல்லாண்டுகளாக வெளியேறாதவர்கள் அவர்கள். முன்னேற விரும்பிய மருத்துவர்கள் அவ்விடத்தை ஓர் இடைத்தங்கலாகவே கருதினர்.

ஷார்க்கோ அங்கேயே தங்கிவிட முடிவு செய்தார். தம் நண்பர் அல்பிரெட் வுல்பியனுடன் சேர்ந்து ஒவ்வொரு கூடமாகச் சென்று நோயாளிகளைப் பரிசோதித்துக் குறிப்பெடுத்தார். நோயாளிகள் நெடுங்காலம் ஒரே இடத்தில் தங்கியிருந்ததால் ஒருவருடைய நோய் ஆண்டுதோறும் எவ்வாறு மாறுகிறது என்பதைக் காண முடிந்தது. அவர் இறந்தபின் மூளையையும் தண்டுவடத்தையும் அறுத்து நுண்நோக்கியில் ஆராய்ந்து, உயிருடன் இருந்தபோது கண்ட அறிகுறிகளுடன் ஒப்பிட்டனர். இம்முறை நரம்பு நோய்களை வகைப்படுத்துவதற்கு அடிப்படையாயிற்று.

இவ்வழியில் இவர் பல நோய்களை விளக்கினார். தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் பக்கத்தண்டு மரப்பு நோயை 1869 முதல் விவரித்தார். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் எழுதிய நடுக்க நோய்க்கு அவர் பெயரையே சூட்ட வேண்டும் என்று முன்மொழிந்தார். பியேர் மரியுடன் சேர்ந்து 1886இல் விவரித்த பரம்பரை நரம்புத் தளர்ச்சி ஷார்க்கோ-மரி-டூத் நோய் எனப்படுகிறது. 1872இல் நோய்க்கூற்றியல் பேராசிரியர் ஆனார். 1882இல் நரம்பு மண்டல நோய்களுக்கெனத் தனிப் பேராசிரியர் பதவி இவருக்காக உருவாக்கப்பட்டது.

தண்டுவட மரப்பு நோய்

மூளையிலும் தண்டுவடத்திலும் சாம்பல் நிறத் திட்டுகள் காணப்படுவதை 1830களிலும் 1840களிலும் ராபர்ட் கார்ஸ்வெல், ழான் குருவெயே ஆகியோர் படமாக வரைந்திருந்தனர். ஆனால் அத்திட்டுகள் உயிருடன் இருப்பவரிடம் எவ்வகை நோயாக வெளிப்படுகின்றன என்பது தெளிவாகவில்லை. 1866இல் வுல்பியன் இத்தகைய மூன்று நோயாளிகளைப் பற்றி மருத்துவர் கூட்டமொன்றில் அறிக்கை அளித்தார். 1868இல் ஷார்க்கோ இதனைத் தனி நோயாக வரையறுத்து, திட்டுகளாகப் பரவிய மரப்பு என்னும் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரால் அழைத்தார். நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறை அழிவதையும், உள்ளிருக்கும் இழை பெரும்பாலும் எஞ்சியிருப்பதையும் நுண்நோக்கியில் கண்டு வரைந்தார்.

இந்நோயை உயிருடன் இருப்பவரிடம் கண்டறிய மூன்று அறிகுறிகளை இவர் வலியுறுத்தினார். அவை கண்மணி ஓயாது அசைதல், ஒரு செயலைச் செய்ய முனையும்போது கை நடுங்குதல், அசை அசையாகத் துண்டித்துப் பேசுதல் என்பனவாகும். இவை ஷார்க்கோவின் மும்மை எனப்படும். பார்க்கின்சன் நோயாளியின் கை ஓய்ந்திருக்கும்போது நடுங்கும். தண்டுவட மரப்பு நோயாளியின் கையோ தண்ணீர்க் குவளையை வாயருகே கொண்டு செல்லும்போதுதான் நடுங்கும். அதுவரை ஒன்றாகக் கருதப்பட்டுவந்த இரு நோய்களை இவ்வேறுபாடு பிரித்துக் காட்டியது. இம்மூன்று அறிகுறிகளும் எல்லா நோயாளிகளிடமும் தோன்றுவதில்லை என்பது பின்னர் அறியப்பட்டது.

இந்நோயைப் பற்றிய இவருடைய ஆர்வத்தைக் காட்டும் நிகழ்ச்சியொன்றைப் பிராய்ட் தம் இரங்கல் கட்டுரையில் குறிப்பிட்டுள்ளார். விந்தையான நடுக்கம் கொண்ட ஒரு பணிப்பெண்ணை ஷார்க்கோ தம் வீட்டு வேலைக்கு அமர்த்தினார். நடுக்கத்தால் அப்பெண் தட்டுகளையும் கிண்ணங்களையும் உடைத்து வந்தார். பொருட்செலவு மிகுந்தபோதும் ஷார்க்கோ அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. அப்பெண் இறந்தபின் செய்த ஆய்வில் மூளையிலும் தண்டுவடத்திலும் மரப்புத் திட்டுகள் இருந்தது உறுதியாயிற்று.

நோயாளிகளின் மனநிலை பற்றிய கருத்துகள்

தண்டுவட மரப்பு நோயைப் பற்றிய விரிவுரைகளில் ஷார்க்கோ மன அறிகுறிகளுக்கும் இடமளித்தார். நோயாளிகள் பலருக்கு நினைவாற்றல் குறைவதையும், எண்ணங்கள் மெதுவாகவே உருவாவதையும், அறிவும் உணர்ச்சியும் மழுங்குவதையும் எடுத்துக்காட்டினார். காரணமின்றிச் சிரிப்பதும் அழுவதும் சிலரிடம் காணப்படுவதைக் குறித்தார். தம் நிலையைப் பற்றிக் கவலையற்றவர்போல் இருப்பவர்களையும், ஆழ்ந்த துயரத்தில் மூழ்கியவர்களையும் அவர் கண்டார். இந்நோய் கைகால்களை மட்டுமே தாக்குவது என்ற எண்ணம் பிற்காலத்தில் நெடுங்காலம் நிலவியது. அதனை நோக்க, தொடக்கத்திலேயே ஷார்க்கோ இவற்றைப் பதிவு செய்தமை குறிப்பிடத்தக்கது.

நோய் தோன்றுவதற்கு முன் நீண்ட கவலையும் மனவருத்தமும் இருந்ததாகப் பல நோயாளிகள் கூறியதையும் இவர் பதிவு செய்தார். மணமாகாமல் கருவுற்ற பெண்கள் பட்ட இன்னல், சமூகத்தில் உறுதியான இடமின்றி வாழ்ந்த ஆசிரியைகளின் மனஉளைச்சல் முதலியவற்றை எடுத்துக்காட்டுகளாகக் குறித்தார். கவலை இந்நோயை உண்டாக்குகிறது என்பதற்கு இக்காலத்தில் சான்று இல்லை. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் அமைப்பு மயலின் உறையைத் தாக்குவதால் இந்நோய் ஏற்படுவதாக அறியப்பட்டுள்ளது. ஆயினும் வறிய பெண் நோயாளிகள் கூறிய வாழ்க்கை வரலாறு மருத்துவக் குறிப்பில் இடம்பெற்றது அக்காலத்தில் அரிதான செயலாகும்.

மருந்துகளைப் பொறுத்தவரை ஷார்க்கோவுக்கு வெற்றி கிட்டவில்லை. தங்கம், வெள்ளி, துத்தநாக உப்புகளும் எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கப்படும் ஸ்டிரிக்னினும் பயன்படுத்திப் பார்க்கப்பட்டன. இவற்றுள் எதுவும் நோயைத் தடுக்கவில்லை என்பதை ஷார்க்கோ மறைக்காமல் தம் விரிவுரையில் ஒப்புக்கொண்டார். குணப்படுத்த இயலாத நோயாளி தம் நோயுடன் எவ்வாறு வாழ்வது என்பது அக்கால மருத்துவத்தின் கேள்விகளுள் ஒன்றாக இருக்கவில்லை.

ஹிஸ்டீரியாவும் அறிதுயிலும்

1870 அளவில் மருத்துவமனைக் கூடங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது வலிப்பு நோயாளிகளும் ஹிஸ்டீரியா நோயாளிகளும் ஷார்க்கோவின் பொறுப்பில் வந்தனர். ஹிஸ்டீரியா நோயாளிகளிடம் வாதம், உணர்வின்மை, பார்வைக் குறைவு, நடுக்கம் ஆகியவை காணப்பட்டன. இறந்தபின் ஆராய்ந்தால் நரம்பு மண்டலத்தில் எந்தத் திட்டும் காணப்படவில்லை. அந்நோயாளிகள் நடிக்கிறார்கள் என்றே பல மருத்துவர்கள் கருதினர். ஷார்க்கோ அதனை மறுத்தார். ஹிஸ்டீரியா உண்மையான நோய் என்றும், பெண்களுக்கு மட்டும் உரியதன்று என்றும் கூறி, விபத்துக்குப்பின் கைகால் முடங்கிய ஆண் தொழிலாளர்களையும் சான்றாகக் காட்டினார்.

1878 அளவில் அறிதுயில் ஆய்வைத் தொடங்கி, 1882இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அதனைப் பற்றிக் கட்டுரை அளித்தார். அறிதுயிலில் ஆழ்த்தப்பட்டவரிடம் கை முடங்கிவிட்டது என்று கூறினால் கை உண்மையில் முடங்குவதையும், மாற்றிக் கூறினால் சரியாவதையும் செய்துகாட்டினார். ஓர் எண்ணமே வாதத்தை உண்டாக்கக்கூடும் என்ற முடிவுக்கு இது வழிவகுத்தது. 1885 அக்டோபர் முதல் 1886 பிப்ரவரி வரை பாரிஸில் தங்கிய இளம் மருத்துவர் பிராய்ட் இச்சோதனைகளை நேரில் கண்டார். ஷார்க்கோவின் விரிவுரைகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்ததுடன், தம் மூத்த மகனுக்கு இவர் பெயரையும் இட்டார். மெய்யியல் பேராசிரியரான பியேர் ஜானேயை வரவழைத்து 1890இல் சல்பெத்ரியேரில் உளவியல் ஆய்வகமொன்றை ஷார்க்கோ அமைத்தார்.

விமர்சனங்கள்

ஷார்க்கோவின் செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை விரிவுரைகளுக்கு மருத்துவர்களுடன் எழுத்தாளர்களும் நடிகர்களும் திரண்டனர். நோயாளிகள் மேடைக்கு அழைத்துவரப்பட்டு, கூட்டத்தின் முன் அறிதுயிலில் ஆழ்த்தப்பட்டனர். அந்திரே புருயே 1887இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் இக்காட்சியைக் காட்டுகிறது. இது நோயாளியின் மதிப்பைக் குறைக்கும் வேடிக்கைக் காட்சி என்று அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது. பிற்காலப் பெண்ணிய ஆய்வாளர்களும் இதனை வன்மையாகக் கண்டித்துள்ளனர்.

நான்சி நகரப் பேராசிரியர் இப்போலிட் பெர்னெம், ஷார்க்கோ கண்ட அறிதுயில் நிலைகள் மருத்துவர்களின் கருத்தூட்டலால் விளைந்தவையே என்று வாதிட்டார். எதிர்பார்க்கப்படுவது எது என்பதை நோயாளிகள் அறிந்து அதற்கேற்ப நடந்துகொண்டனர் என்பது அவர் கருத்து. ஷார்க்கோவின் மறைவுக்குப்பின் பெர்னெமின் கருத்தே பெரிதும் ஏற்கப்பட்டது.

ஹிஸ்டீரியா என்னும் பெயர் பரவியதால் தண்டுவட மரப்பு நோயாளிகளுக்குத் தீங்கும் நேர்ந்தது. இந்நோயின் தொடக்க அறிகுறிகள் வந்து மறைபவை. சில நாட்கள் பார்வை மங்கித் தெளியும். கால் மரத்துப் பின் சரியாகும். இவ்வாறு கூறிய இளம்பெண்கள் பலர் ஹிஸ்டீரியா நோயாளிகளாகக் கருதப்பட்டனர். லண்டன் மருத்துவர் தாமஸ் பஸார்ட் 1891இல் வெளியிட்ட நூலில் இத்தவற்றைக் குறித்து எச்சரித்தார். இதற்கொரு தீர்வு ஷார்க்கோவின் மாணவரிடமிருந்தே வந்தது. 1885இல் தண்டுவட மரப்பு நோயைப் பற்றி ஆய்வேடு எழுதிய ஜோசப் பாபின்ஸ்கி, உள்ளங்காலைக் கீறும்போது பெருவிரல் மேல்நோக்கி மடங்கினால் நரம்பு மண்டலத்தில் பழுது உள்ளது என்பதை 1896இல் அறிவித்தார். மனத்தால் விளைந்த வாதத்தில் இக்குறி தோன்றாது.

இறுதிக்காலம்

1892–93இல் ஷார்க்கோ நம்பிக்கையால் நோய் தீர்வது பற்றிக் கட்டுரை எழுதினார். லூர்து போன்ற திருத்தலங்களில் சில நோயாளிகள் குணமடைவதை அவர் மறுக்கவில்லை. நோயாளியின் மனமே அக்குணத்தை விளைவிக்கிறது என்றும், மனத்தால் விளைந்த நோய்களிலேயே அது நிகழும் என்றும், வெட்டப்பட்ட கால் நம்பிக்கையால் மீண்டும் வளராது என்றும் விளக்கினார். மனவழிச் சிகிச்சைக்கு அவர் வகுத்த எல்லை இதுவே. திட்டு உள்ள நோய் ஒருபுறம், திட்டு இல்லாத நோய் மறுபுறம் என்னும் இப்பிரிவில், திட்டு உள்ள நோயாளியின் மனத்துயரைத் தணிப்பதற்கு இடமில்லாமல் போயிற்று.

ஹிஸ்டீரியா பற்றிய தம் கோட்பாட்டை முழுமையாகத் திருத்த வேண்டும் என்று இறுதிநாட்களில் ஷார்க்கோ கூறியதாக இவருடைய செயலாளர் பின்னாளில் பதிவு செய்துள்ளார். அப்பணி நிறைவேறவில்லை. இதயநோய் கொண்டிருந்த ஷார்க்கோ, நண்பர்களுடன் மோர்வான் மலைப்பகுதிக்கு விடுமுறைப் பயணம் சென்றிருந்தபோது 1893 ஆகஸ்ட் 16 அன்று நுரையீரலில் நீர்கோத்து இறந்தார். பாரிஸின் மொன்மார்த்ர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிற்காலத் தாக்கம்

ஷார்க்கோ பதிவு செய்த மன அறிகுறிகள் நெடுங்காலம் பின்தொடரப்படவில்லை. 1926இல் காட்ரெல், வில்சன் ஆகியோர் 100 நோயாளிகளை ஆராய்ந்து, காரணமற்ற மகிழ்ச்சி நிலையே இந்நோயாளிகளிடம் மிகுதி என்று எழுதினர். அதனால் இந்நோயாளிகள் துன்பத்தை உணராதவர்கள் என்ற எண்ணம் மருத்துவ நூல்களில் இடம்பிடித்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆய்வுகள் இதனை மாற்றின. நோயாளிகளுள் ஏறத்தாழ பாதிப்பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் கடும் மனச்சோர்வுக்கு உள்ளாவதாக அவை மதிப்பிட்டன. தற்கொலை அபாயமும் பொதுமக்களைவிட மிகுதி எனக் கண்டறியப்பட்டது. மனச்சோர்வு இருவழிகளில் தோன்றுகிறது. மூளையிலுள்ள திட்டுகளே அதற்குக் காரணமாகலாம். எப்போது மீண்டும் தாக்கும் என்று தெரியாத நோயுடன் வாழும் அச்சமும் இழப்பும் காரணமாகலாம்.

ஆதலால் 1980கள் தொடங்கி இந்நோயாளிகளுக்கான உளச்சிகிச்சை முறையாக ஆராயப்பட்டது. இவற்றுள் அறிகை நடத்தைச் சிகிச்சை முதன்மையானது. காலையில் கால் மரத்தவுடன் வாழ்வே முடிந்தது என்று தோன்றும் எண்ணத்தை நோயாளி அடையாளம் கண்டு, அது எவ்வளவு உண்மை என்று சீர்தூக்கிப் பார்க்கப் பழகுகிறார். களைப்புக்கு அஞ்சி எல்லாவற்றையும் கைவிடாமல், ஓய்வையும் வேலையையும் அளவாகப் பிரித்துக்கொள்கிறார். 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மனச்சோர்வைத் தணிப்பதில் இச்சிகிச்சை மனச்சோர்வு மருந்துக்கு இணையான பயனளித்தது. இவ்விரண்டும் குழு உரையாடல் சிகிச்சையைவிட மேலாக இருந்தன. நடக்க இயலாதவர்களுக்குத் தொலைபேசி வழியாகவும் இதனை அளிக்கலாம் என்பதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. 2008இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், தளர்வுப் பயிற்சியும் அறிகை நடத்தைச் சிகிச்சையும் களைப்பைக் குறைத்தன. இரண்டாவது கூடுதலாகக் குறைத்தது. நினைவாற்றல் குறைந்தவர்களுக்குக் குறிப்பேடு, நாட்காட்டி முதலியவற்றைப் பயன்படுத்தப் பழக்கும் பயிற்சிகளும் வகுக்கப்பட்டன.

இச்சிகிச்சைகள் மரப்புத் திட்டுகளை அகற்றுவதில்லை. நோயின் போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் 1993இல் இன்டர்பெரான் பீட்டாவுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது முதல் பயன்பாட்டுக்கு வந்தன. உளச்சிகிச்சை அவற்றுடன் இணைத்தே அளிக்கப்படுகிறது. உளச்சிகிச்சைக்கு அனுப்பப்படுவதால் நோயே மனப்பிரமை என்று பொருளாகாது என்பதை நோயாளிக்கு விளக்குவதும் இச்சிகிச்சையில் ஒரு பகுதியாகும். 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் தண்டுவட மரப்பு நோயுடன் வாழ்ந்தனர்.

ஷார்க்கோ பணியாற்றிய மருத்துவமனை பித்தியே-சல்பெத்ரியேர் என்ற பெயரில் இயங்கி வருகிறது. தண்டுவட மரப்பு நோய், பக்கத்தண்டு மரப்பு நோய் ஆகியவற்றின் ஆய்வில் சிறந்தவர்களுக்கு இவர் பெயரில் விருதுகள் வழங்கப்படுகின்றன. நரம்புப் பழுதால் உணர்விழந்து சிதையும் மூட்டு ஷார்க்கோ மூட்டு எனப்படுகிறது.